எழுபத்தைந்து கிராம் காரம்

ஜனவரி 9

பட்டாணிக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். உன் வீட்டுக்காரர் வேனில் லிஃப்ட் சங்கிலிகளுக்கும் கிரீஸ் டப்பாக்களுக்கும் நடுவே எனக்கு இடம் ஒழித்துக் கொடுத்தார். உன் குளியலறையைவிட அந்த வேன் எவ்வளவோ தேவலை. கிரீஸ் தன்னை ஸ்ட்ராபெர்ரி என்று சொல்லிக்கொள்வதில்லை.

ஏன் சொல்லாமல் கிளம்பினாய் என்று கேட்டுச் செய்திமேல் செய்தி அனுப்புகிறாய். போனில் பதில் சொன்னால் நீ நடுவில் அழுவாய், நான் வாக்கியத்தை முடிக்க முடியாது. அதனால்தான் கடிதம். இரண்டு பென்சில்களை உள்ளங்கைகளில் பேண்டேஜால் கட்டிக்கொண்டு, பின்பக்க ரப்பரால் கம்ப்யூட்டரில் எழுத்தெழுத்தாகத் தட்டுகிறேன். கோபத்தோடு இப்படித் தட்டுவது கடினம். ஒரு வசவை முடிப்பதற்குள் அது நியாயம்தானா என்று யோசிக்க நேரம் கிடைத்துவிடுகிறது. கீழே இருப்பவை அந்த யோசனைக்குப் பிறகும் தப்பித்தவை.

அன்று காலை நான் உன் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன், உடம்பெல்லாம் இளஞ்சிவப்பு நுரையோடு. நீ கதவைத் திறந்து போட்டுவிட்டு, போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாய். "அவங்க இப்ப சின்னப் பாப்பா மாதிரி ஆயிட்டாங்க. நான் குளிப்பாட்டி விட்டாத்தான் உண்டு. என்ன செய்யிறது, பாவம்." அப்புறம் உள்ளே வந்து, என் அக்குளைத் தேய்த்துக்கொண்டே, உன் பள்ளிக்கூடத்துப் பாட்டைப் பாடினாய். அழுக்கே அழுக்கே ஓடிப்போ. அழுக்கு ஓடவில்லை. நான் ஓடி வந்துவிட்டேன்.

நான் பல் டாக்டர். என் வாழ்நாளில் பெரும்பகுதியை அடுத்தவர் வாய்க்குள் கழித்தவள். சொத்தைப் பல்லுக்குள் என்னென்ன ஊறிக் கிடக்கும் என்று உனக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். ஆனால் எந்த வாயையும் பார்த்து நான் பாடியதில்லை. அது நிஜமாகவே பாப்பாவின் வாயாக இருந்தபோதுகூட.

இனி என் உடம்பை நான்தான் குளிப்பாட்டப் போகிறேன். அதற்கு ஒரே தடை சோப்பு. முடக்குவாதம் என் விரல்களை ஒரே பக்கமாகச் சாய்த்துவிட்டது. பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்க்கும் கூட்டம்போல எல்லாம் ஒரே திசையில் நிற்கின்றன. கடைச் சோப்பு இந்தக் கைக்குள் தங்காது, வழுக்கிக்கொண்டு போய்விடும். குனிந்து எடுப்பது தனிக் கொடுமை. திரவ சோப்பின் பம்பை அமுக்கினால் மணிக்கட்டில் உயிர் போகிறது. ஆகவே எனக்கு வேண்டிய சோப்பை நானே செய்யப்போகிறேன். பழைய துண்டைக் கிழித்து ஒரு பட்டை. அதன் இரண்டு முனைகளையும் சோப்புக்குள் புதைத்து இறுக விட்டால், மேலே ஒரு வளையம் நிற்கும். வளையத்துக்குள் கையை நுழைத்துக்கொண்டால் சோப்பு உள்ளங்கையோடு இருக்கும். விரல்கள் மடங்க வேண்டியதில்லை. அவை பஸ்ஸுக்குக் காத்திருக்கட்டும்.

உன்னிடம் ஒரு வேலைதான் கேட்கிறேன். காஸ்டிக் சோடா அமுக்கித் திருகும் மூடி போட்ட டப்பாவில்தான் கிடைக்கிறது. குழந்தைகளால் திறக்க முடியாத மூடி என்று அதன் மேலேயே பெருமையாக எழுதியிருக்கிறார்கள். என்னாலும் முடியாது. சமையலுக்கு வரும் அம்மாளைத் திறக்கச் சொன்னேன். "நான் சமைக்க வந்தவ டாக்டரம்மா, சாக வந்தவ இல்ல" என்று சொல்லிவிட்டாள். நீ வாங்கி, ஒவ்வொரு தடவைக்கும் எழுபத்தைந்து கிராம் நிறுத்து, நெம்பினால் திறக்கிற மூடி போட்ட சின்ன பிளாஸ்டிக் டப்பாக்களில் போட்டு, உன் வீட்டுக்காரரிடம் கொடுத்தனுப்பு. இந்தப் பக்கம் லிஃப்ட் பழுது பார்க்க வரும்போது கொண்டுவரட்டும்.

மே மாதம் முடிவதற்குள் நானே குளிக்க முடியாவிட்டால், நானே உன் ஸ்டூலுக்குத் திரும்பி வருகிறேன். அதுவரை பாட்டை வேறு யாருக்காவது பாடு.

அக்கா

—

ஜனவரி 17

என் அன்பான அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நான் அழவே இல்லை. கொஞ்சம்தான்.

போனில் பேசியது எங்கள் தலைமை ஆசிரியையிடம். மறுபடியும் ஏன் தாமதம் என்று கேட்டாள், ஏதாவது சொல்லித்தானே ஆக வேண்டும்? "பாப்பா மாதிரி" என்பது கெட்ட வார்த்தையா? நாள் முழுக்க முப்பது பாப்பாக்களோடு இருக்கிறேன், எனக்கு அதுதான் வாயில் வருகிறது. நேற்று இவரிடமே, "சமத்தா சாப்பிட்டு முடிச்சா ஸ்டார் ஒட்டுவேன்"ன்னு சொல்லிவிட்டேன். அவர் கோபித்துக்கொண்டு வேனைக் கிளப்பிக்கொண்டா போய்விட்டார்?

சரி, உன் இஷ்டம். எட்டு டப்பா அனுப்பியிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் எடை எழுதி, பக்கத்தில் சிரிப்பு முகம் ஒட்டியிருக்கிறேன், உனக்குப் பிடிக்காது என்று தெரிந்தும். அக்கா, இது பயங்கரமான சாமான். அலுமினியத் தட்டில் கொஞ்சம் சிந்திவிட்டது. ஈரத் துணியால் துடைக்கப் போனேன், புஸ்ஸென்று நுரைத்துத் தட்டே கறுத்துப்போய்விட்டது. இதையா உடம்பில் தேய்த்துக்கொள்ளப் போகிறாய்? கடையில் எத்தனையோ சோப்பு இருக்கிறது. ஸ்ட்ராபெர்ரி பிடிக்காவிட்டால் லாவெண்டர் இருக்கிறது.

மேற்குப் பக்க அறையை உனக்காகவே வைத்திருக்கிறேன். புதுத் திரை போட்டிருக்கிறேன். ஸ்டூலையும் மாற்றிவிடுகிறேன், சாய்ந்துகொள்கிற மாதிரி ஒன்று கிடைக்கிறது.

முத்தங்களுடன்,
பட்டாணி

—

பிப்ரவரி 4

பட்டாணிக்கு,

முத்தங்களைப் பெற்றுக்கொண்டேன். துடைத்தும் விட்டேன்.

காஸ்டிக் சோடா ஒரு காரம், அதை அப்படியே உடம்பில் தேய்ப்பதில்லை. எண்ணெயோடு சேரும்போது காரமும் மிஞ்சாது, எண்ணெயும் மிஞ்சாது, இரண்டும் தீர்ந்து மூன்றாவதாக ஒன்று வரும். அதுதான் சோப்பு. கல்யாணத்தைப் பற்றியும் இப்படித்தான் சொல்கிறார்கள். எனக்கு அனுபவம் இல்லை.

முதல் சோப்பை ஊற்றிவிட்டேன். என் கண்ணுக்கு மருத்துவமனைக் கண்ணாடி. கையுறை மூட்டுகளைத் தாண்டி ஏறாததால் இரண்டு ரொட்டிப் பைகள். தேங்காய் எண்ணெய் பாதி, சூரியகாந்தி எண்ணெய் பாதி, மொத்தம் ஐந்நூறு கிராம். எண்ணெய்ப் புட்டியைத் தூக்கிச் சாய்க்க முடியாது. மேசை ஓரத்தில் படுக்க வைத்து, முழங்கையால் உருட்டி, கீழே தராசின் மேல் இருக்கும் பாத்திரத்தில் வழியவிட்டேன். எண் சரியாக வந்ததும் தாடையால் புட்டியை நிமிர்த்தினேன். ஜன்னலைத் திறந்து வைத்து, உன் டப்பாவை முட்கரண்டிக் காம்பால் நெம்பி, தண்ணீரில் கொட்டினேன். ஆவி தொண்டையைப் பிடித்தது. பொய் சொல்லாத நாற்றம்.

மரக்கரண்டியை முன்கையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு தோளிலிருந்து கலக்கினேன். வலிக்குப் பல்லைக் கடித்துக்கொண்டேன். பல் டாக்டரின் பல் என்பதால் தாக்குப்பிடித்தது. கலவை கஞ்சிபோலக் கெட்டியாக வேண்டும். கெட்டியானதுபோலவும் இருந்தது, ஆகாததுபோலவும் இருந்தது. தயிர் டப்பாக்களில் ஊற்றி, துண்டுப் பட்டைகளைச் செருகி, போர்வையால் மூடிவிட்டேன்.

அப்போது உன் வீட்டுக்காரர் வந்தார். வாசலிலேயே நின்று மூக்கைத் தேய்த்தார். "டாக்டர், உள்ள என்ன பேட்டரி ரிப்பேரா?" என்றார். போர்வையைப் பார்த்துவிட்டு, "யாராச்சும் படுத்திருக்காங்களா?" என்றார். அந்த மனிதரை நீ எதற்குத் திருத்துகிறாய் என்று எனக்குப் புரியவில்லை.

அக்கா

—

மார்ச் 2

அக்காவுக்கு,

கையில் எங்கும் சுடவில்லையே? கண்ணில்? அதை மட்டும் முதலில் எழுது.

இவர் உன் வீட்டில் பார்த்ததைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு துளி உன் கைமேல் விழுந்தால், குழாயைத் திருகி யார் தண்ணீர் விடுவது? கண்ணாடியை யார் கழற்றுவது? இரவில் படுத்தால் இதுதான் ஓடுகிறது.

ஒரு பராமரிப்பு ஏஜென்ஸியில் விசாரித்து வைத்திருக்கிறேன். கோபப்படாதே, விசாரிக்க மட்டும்தான். நல்ல பெண்மணி, அனுபவசாலி. "பெரியவங்கள எல்லாம் என் சொந்தக் கொழந்தையாத்தான் பாப்பேன்"ன்னு சொன்னாள். உடனே உன் முகம் ஞாபகம் வந்தது. "அத மட்டும் அவங்ககிட்ட சொல்லிடாதீங்க"ன்னு சொல்லி வைத்தேன். நானும் கற்றுக்கொள்கிறேன், பார்.

சோப்பு எப்படி வந்தது?

பட்டாணி

—

மார்ச் 15

பட்டாணிக்கு,

சுடவில்லை. சுட்டிருந்தால்கூடக் கொஞ்சம் மரியாதையாக இருந்திருக்கும்.

சோப்பு இறுகவில்லை. தயிர் டப்பாவை வெட்டிப் பிரித்தால் உள்ளே இருப்பதைச் சோப்பு என்று சொல்ல முடியாது. மஞ்சளாக, வெதுவெதுப்பாக, தொட்டால் கூடவே வருகிறது. ஊற வைத்து மறந்துபோன பல்செட்டின் மேல் ஒரு படலம் படியும். அந்தப் படலத்தைக் கட்டியாக்கி, நடுவில் துண்டைச் செருகியதுபோல இருக்கிறது. முறைப்படி நாக்கு நுனியால் தொட்டுப் பார்த்தேன். காரம் மிஞ்சியிருந்தால் நாக்கு சுருக்கென்று விழித்துக்கொள்ளும். என் நாக்கு தூங்கியது. சரி, காரம் மிஞ்சவில்லை, நாளாக ஆக இறுகிவிடும் என்று காற்றில் வைத்தேன். நாளாக ஆக அதன்மேல் ஆரஞ்சுப் புள்ளிகள் பூத்தன. பழைய எண்ணெயின் சிக்கு நாற்றம் திரையில் ஏறிவிட்டது, தலையணையில் ஏறிவிட்டது. சமையல் அம்மாள் மூக்கில் முந்தானையைக் கட்டிக்கொண்டு வேலை பார்க்கிறாள். "பூனை கீனை செத்துக் கிடக்கா பாருங்க" என்கிறாள்.

ஆனாலும் குளித்துப் பார்த்தேன். வளையத்துக்குள் கையை விட்டேன், இதமாகப் பொருந்தியது. ஒரு நொடி எனக்கு அசட்டுத்தனமான சந்தோஷம். தண்ணீர் பட்டதும் பட்டை மட்டும் கையோடு நின்றது. சோப்பு கழன்று, தொடையில் வழிந்து, சாக்கடை வாயில் போய் அப்பிக்கொண்டது. அங்கே ஏற்கெனவே இருந்த என் தலைமுடியோடு சேர்ந்து அது ஒரு பிராணி போல ஆனது. அன்று முழுக்க என் உடம்பில் எண்ணெய்ப் பிசுக்கு போகவில்லை. நான் தொட்டால் கதவுக்குக்கூடக் குமட்டுமே என்று தோன்றியது.

குற்றம் என் தோளுடையதாகத்தான் இருக்க வேண்டும். போதுமான அளவு கலக்கவில்லை. இன்னொரு முறை செய்வேன். இந்த முறை கரண்டியை இரண்டு கைகளோடும் கட்டப்போகிறேன். என்னைப் பார்த்துத் தலைமை ஆசிரியையிடம் "பாவம்" என்று சொல்ல உனக்கு நல்ல காட்சி கிடைத்திருக்கும். நல்லவேளை, நீ இங்கே இல்லை.

ஏஜென்ஸிப் பெண்மணிக்கு என் வணக்கம். அவளுக்குச் சொந்தக் குழந்தைகள் இருந்தால் அவர்களுக்கு என் அனுதாபம்.

அக்கா

—

ஏப்ரல் 20

பட்டாணிக்கு,

சுருக்கமாக எழுதுகிறேன். கை வீங்கியிருக்கிறது.

இரண்டாவதும் அதே கதி. கலக்கியது போதவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. கலக்கி முடித்தபின் இரண்டு நாள் தோளைத் தூக்க முடியவில்லை, சமையல் அம்மாள் ஊட்டிவிட்டாள். "ஆ காட்டுங்க" என்றாள். நான் ஆ காட்டினேன். எத்தனை பேரை ஆ காட்டச் சொல்லியிருக்கிறேன், இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் அது இவ்வளவு அசிங்கமாக இருக்கும் என்று தெரியாது.

அதே பிசின், அதே புள்ளிகள், அதே நாற்றம். கை சரியாக இருந்தால் கண் சரியில்லை, கண் சரியாக இருந்தால் புத்தி சரியில்லை. எழுபத்தைந்தும் ஐந்நூறும் நிறுத்துக் கலக்கும் வேலையைக்கூடச் செய்ய முடியாதவள் குழாயடியில் தனியாக நிற்கக் கூடாது. நீ சொன்னதுதான் சரி.

மே கடைசியில் வேனை அனுப்பு. அந்தப் பெண்மணியை ஏற்பாடு செய். என்னை அவள் எப்படிக் கூப்பிட்டாலும் நான் பதில் பேசப் போவதில்லை.

அக்கா

—

ஏப்ரல் 26

என் செல்ல அக்கா!

நீ இப்படி எழுதியதைப் படிக்க எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது, ஆனால் அதைவிட அதிகமாக நிம்மதியாக இருந்தது. மறைக்க மாட்டேன். முதல் தடவையாக நேற்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

உன் புத்திக்கு ஒன்றும் இல்லை. அந்த மாதிரிச் சாமானெல்லாம் தொழிற்சாலையில் செய்ய வேண்டியது. வீட்டில் யாருக்கும் வராது. அதையே நினைத்து மருகாதே. மிச்சமிருக்கும் டப்பாக்களைத் தொடாமல் அப்படியே இவரிடம் கொடுத்துவிடு, நான் பத்திரமாக அப்புறப்படுத்திவிடுகிறேன்.

அறைக்குப் புது மெத்தை வந்துவிட்டது. சாய்ந்துகொள்கிற ஸ்டூலும் வந்துவிட்டது. கைப்பிடிகூட இருக்கிறது! அந்தப் பெண்மணி திங்கட்கிழமையே வரத் தயார். நான் பாட மாட்டேன், சத்தியம்.

ஆயிரம் முத்தங்கள்,
உன் பட்டாணி

—

மே 3

தங்கைக்கு,

பட்டாணி என்று எழுதக் கை வரவில்லை.

ஒருவர் வந்து இந்தப் பல் வலிக்கிறது என்று காட்டினால், நாங்கள் அந்தப் பல்லை மட்டும் தட்டிப் பார்ப்பதில்லை. பக்கத்துப் பல்லையும் தட்டுவோம். வலி ஒரு இடத்தில், வியாதி இன்னொரு இடத்தில் என்பது வாய்க்குள் சகஜம். மிச்ச டப்பாக்களைக் கட்டிவைக்கும்போது இந்தப் பழக்கம் ஞாபகம் வந்தது. என் கையைத் தட்டிப் பார்த்தாயிற்று, கண்ணைத் தட்டிப் பார்த்தாயிற்று. தராசைத் தட்டவில்லையே என்று, பிரிக்காத உப்புப் பொட்டலம் ஒன்றை அதில் வைத்தேன். மேலே அச்சிட்டிருந்த எடையும் தராசு காட்டிய எடையும் ஒன்றாக இருந்தன. தராசு நல்ல பல்.

பக்கத்தில் உன் டப்பா இருந்தது. சிரித்துக்கொண்டிருந்தது. அதையும் வைத்தேன். அப்புறம் நான் முன்பு தீர்த்துப்போட்ட காலி டப்பாவை வைத்துக் கழித்துப் பார்த்தேன். எழுபத்தைந்து இல்லை. ஐம்பது. அடுத்த டப்பா, ஐம்பது. மிச்சம் இருந்த எல்லாச் சிரிப்பு முகங்களுக்கும் உள்ளே ஐம்பது.

காரத்தில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்தால் எண்ணெய் எண்ணெயாகவே மிஞ்சி அழுகும். நான் என் தோளை உடைத்துக்கொண்டு கலக்கியது சோப்பை அல்ல, உன் அன்பை.

நீ தராசில் தவறு செய்கிறவள் அல்ல. முப்பது குழந்தைகளுக்குப் பிஸ்கட்டைச் சமமாகப் பங்கிடுகிறவள். ஆகவே கேட்கிறேன், விளக்கத்துக்காக அல்ல, அளவுக்காக: எத்தனை அருவருப்பு இருந்தால் ஒரு மனுஷி இன்னொரு மனுஷியை இவ்வளவு இனிப்பாக ஏமாற்றுவாள்?

வேன் வேண்டாம்.

—

மே 10

அக்கா,

ஆமாம். குறைத்தேன். சரியாகத்தான் நிறுத்தேன், பிறகு ஒவ்வொரு டப்பாவிலிருந்தும் திரும்ப எடுத்தேன். அந்தத் தட்டு கறுத்ததைப் பார்த்தபிறகு உன் கையை அந்த இடத்தில் வைத்துப் பார்த்தேன். கொஞ்சம் குறைத்தால் கொஞ்சம் குறைவாகச் சுடும் என்று நினைத்தேன். சோப்பு கெட்டுப்போகும் என்று சத்தியமாகத் தெரியாது. முதல் சோப்பு வரைக்கும் தெரியாது.

உன் மார்ச் மாதக் கடிதம் வந்தபிறகு தெரியும். ஏன் இறுகவில்லை என்று இவர் தன் போனிலேயே தேடிப் படித்துக் காட்டினார். "சோடா கம்மியா இருந்தா இப்படி ஆகுமாம். நீ கரெக்டாத்தானே போட்ட?" என்றார். "உங்க வேலையப் பாருங்க" என்றேன். உனக்கு எழுதவில்லை. நீ தோற்றால் திரும்பி வந்துவிடுவாய் என்று இருந்தேன். போதுமா? அளவு கேட்டாயே, இதுதான் அளவு.

இப்போது நான் கேட்கிறேன். அருவருப்பு உனக்கு மட்டும் சொந்தமா? சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன், அசிங்கம் என்று முகம் சுளிக்கும் உரிமை நம் வீட்டில் உனக்கு மட்டும்தான். நான் சுளித்தால் "பட்டாணிக்கு மனசு போதாது." உன்னைக் குளிப்பாட்டிய ஒவ்வொரு காலையும் எனக்கு எப்படி இருந்தது என்று ஒரு நாளாவது கேட்டாயா? மருந்தால் உதிர்ந்த உன் முடி என் விரல்களில் சுற்றிக்கொண்டு வரும். மார்புக்குக் கீழே மடிப்பில் களிம்பு வியர்வையோடு கலந்து வெள்ளையாகத் திரண்டிருக்கும், அதை வழித்து எடுப்பேன். உன் கால்விரல் இடுக்குகளைத் தேய்த்துவிட்டு வந்து சாப்பிட உட்காருவேன், ஒரு வாய் இறங்காது. கையை முகர்ந்து பார்த்துக்கொண்டே பஸ் ஏறுவேன்.

அந்த ஸ்ட்ராபெர்ரி எதற்கு என்று நினைத்தாய்? உனக்காகவா? அந்தப் பாட்டு எதற்கு? பாடினால் வாயால் மூச்சு விடலாம். மூக்குக்கு வேலை இல்லை. பாட்டை நிறுத்தினால் நான் அந்த வாளியிலேயே வாந்தி எடுத்திருப்பேன், உன் தலைக்கு மேலே. அதனால் பாடினேன்.

இதையெல்லாம் உன்னிடம் சொல்லாமல் இருக்கத்தான் இனிப்பாகப் பேசினேன். இப்போது சொல்லியாயிற்று. திரும்பி வரவே மாட்டாய் என்று தெரியும். புது ஸ்டூலை இவர் வேனில் போட்டுக்கொள்ளட்டும்.

உன் தங்கை

—

மே 14

பட்டாணிக்கு,

இவ்வளவு நல்ல கடிதத்தை நீ இதற்குமுன் எழுதியதில்லை.

நான் முப்பது வருடமும் முகமூடி போட்டுக்கொண்டு வேலை பார்த்தேன். உனக்கு அந்த வசதிகூட இல்லை. நானாக இருந்தால் பாட்டுக்குப் பதில் உன்னைத் திட்டியிருப்பேன். திட்டினாலும் வாயால்தானே மூச்சு விட வேண்டும். உடம்பைப் பற்றி நீ எழுதியது ஒவ்வொன்றும் உண்மை. களிம்பு திரள்வது எனக்கும் தெரியும். அதை இன்னொருவர் பார்க்கிறார் என்பதைத்தான் நான் தாங்காமல் இருந்தேன். பார்த்துவிட்டு ஒன்றுமே இல்லாததுபோல அவர் சிரிப்பதை அதைவிட.

குழாயைப் பற்றி நீ கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. அது நியாயமான கேள்வி, நான் கிண்டலில் மறைத்தேன். வீட்டில் இருப்பது என் பழைய மருத்துவமனையிலிருந்து பிடுங்கி வந்த நெம்புகோல் குழாய். முழங்கையால் இடித்தால் தண்ணீர் கொட்டும். கண்ணாடியைச் சுவரில் உரசிக் கழற்றப் பழகியிருக்கிறேன். பக்கத்தில் எப்போதும் ஒரு வாளித் தண்ணீர் இருக்கிறது. இவ்வளவும் இருந்தும் சுடலாம். சுட்டால் என் கை.

மே போகட்டும், இன்னொரு மாதம் கொடு. ஒரு டப்பா அனுப்பு. எழுபத்தைந்து.

அக்கா

—

மே 19

அக்கா,

எழுபத்தைந்து. இவரை எதிரே உட்கார வைத்து நிறுத்தேன். "எடுத்துடாத, எடுத்துடாத" என்று என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். டப்பாமேல் எதுவும் ஒட்டவில்லை.

எனக்கு இன்னும் பயமாகத்தான் இருக்கிறது.

பட்டாணி

—

ஜூன் 27

பட்டாணிக்கு,

சோப்பு இறுகிவிட்டது. பார்க்கச் சகிக்கவில்லை. ஆஸ்பத்திரிச் சுவரில் பெயர்ந்த சுண்ணாம்புத் துண்டு மாதிரி வெளுத்து, மேலெல்லாம் சாம்பல் பூத்துக் கிடக்கிறது. வாசனை என்று ஒன்றும் இல்லை. சமையல் அம்மாள் முகர்ந்து பார்த்துவிட்டு, "இது எதுக்குங்க, மொசைக் தரை கழுவவா?" என்றாள். நாக்கில் வைத்தேன், சுருக்கென்று இல்லை. மேசையில் தட்டினேன், கல்லைப்போலச் சத்தம் வந்தது. பட்டையைப் பிடித்து ஆட்டினேன், விடவில்லை.

இன்று காலை குளித்தேன். கதவைத் தாழிட முடியாது, ஆனால் சாத்தினேன்.

என் உடம்பை நானே முழுக்கத் தேய்த்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது, இங்கே வந்ததிலிருந்து வெறும் தண்ணீரைத்தான் ஊற்றிக்கொண்டிருந்தேன். நீ எழுதியிருந்த எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சந்தித்தேன். மடிப்புகளில் அழுக்கு திரிதிரியாக உருண்டு வந்தது. காதுக்குப் பின்னால் ஒரு இடத்தைத் தொட்டபோது எனக்கே குமட்டிவிட்டது, சற்று நிறுத்தி மூச்சு வாங்கினேன். தோள் கத்தியது. கால்விரல் இடுக்குகளுக்குச் சோப்பைக் கொண்டுபோகவில்லை. தரையில் வைத்து அதன்மேல் காலைத் தேய்த்தேன். சோப்பு நழுவிக்கொண்டே இருந்தது, அது என் அறியாமை, காலுக்கும் ஒரு வளையம் வைத்திருக்கலாம். பாதி காலைப்பொழுது போய்விட்டது. சமையல் அம்மாள் வெளியிலிருந்து, "உள்ள உயிரோட இருக்கீங்களா?" என்று குரல் கொடுத்துக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு தடவையும் இருக்கிறேன் என்று சொன்னேன். வெளியே வந்தபோது எந்தப் பழத்தின் நாற்றமும் என்மேல் இல்லை.

ஆகவே நான் இங்கேயேதான் இருப்பேன். அறைக்கு வேறு யாரையாவது தேடு. ஏஜென்ஸிப் பெண்மணியிடம் பெரியவர் தொலைந்துபோய்விட்டார் என்று சொல்.

ஒரே ஒரு இடம் மட்டும் மிச்சம். முதுகு. வளையத்தில் கை இருக்கிறது, ஆனால் அந்தக் கை பின்னால் போகாது. நீளக் காம்பு பிரஷ்ஷைப் பிடிக்க விரல் இல்லை. சோப்பைச் சுவரில் அழுத்தி வைத்துக்கொண்டு எருமைபோல முதுகை உரசிப் பார்த்தேன். சுவர் சுத்தமாயிற்று. முதுகில் ஒரு இடத்தில் அரித்துக்கொண்டே இருக்கிறது, அங்கே என்ன இருக்கிறது என்று கண்ணாடியில் பார்த்தேன், பார்த்திருக்க வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை வா. முதுகு மட்டும். கழுத்துக்குக் கீழே, இடுப்புக்கு மேலே. தோளுக்கு முன்பக்கம் உனக்கு ஒரு வேலையும் கிடையாது. இந்தச் சோப்பைத்தான் போட வேண்டும். சாப்பாடு இங்கே. முதலில் சாப்பிட்டுவிட்டுத் தேய்ப்பது உனக்கு உத்தமம்.

இனிப்பாக ஒன்றும் பேசாதே. முகம் சுளிக்க வேண்டும் என்று தோன்றினால் தாராளமாகச் சுளித்துக்கொள். நான் சுவரைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருப்பேன்.

அக்கா